கொடுப்பதா? கட்டுவதா? அழுவதா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆங்கிலம் என்றாலே நம்மில் பலருக்கு ஓர் உதறல். தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து வந்தவர்களுக்கு முதல் வருஷ ஆங்கிலப் பேப்பரே ஒரு மலைதான். ஆனால் நான் இங்கே இலக்கணப் பாடம் நடத்த வரவில்லை. பணம் கைமாறும் இடத்தில் ஆங்கிலம் எத்தனை வினைச்சொற்களை வைத்திருக்கிறது, அவற்றில் எது நம் சட்டைப் பையைக் கடிக்கும் என்பதைத்தான் பேச வந்தேன்.

நம் தொல்காப்பியர் இதை அன்றே யோசித்தவர். சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', சமமானவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. சொல்லைக் கேட்டதுமே கேட்கிறவன் யார் என்று தெரிந்துவிடும்! ஆங்கில வினைச்சொற்கள் வேறொன்றைச் சொல்கின்றன. கொடுக்கிறவனுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல உரிமை உண்டா, இல்லையா என்பதை.

'கிவ்' பொதுச்சொல். 'டொனேட்' என்றால் மனமுவந்து தருவது. பதிலுக்கு எதுவும் கேட்கக் கூடாது. 'பே' என்றால் வாங்கிய பொருளுக்கோ, பட்ட கடனுக்கோ கொடுப்பது. 'சமாதானப்படுத்து' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். கடன்காரனைச் சமாதானப்படுத்துவது என்றால் சரிதானே! 'கான்ட்ரிப்யூட்' என்றால் பலரோடு சேர்ந்து நம் பங்கைப் போடுவது. 'ரெமிட்' என்றால் உரிய இடத்துக்கு அனுப்பிச் செலுத்துவது. 'காஃப் அப்' என்று பேச்சு வழக்கில் ஒன்று உண்டு. இருமிக் கக்குவது போல, மனமில்லாமல் கொடுப்பது. நம்ம ஊரில் 'தண்டம் அழுதேன்' என்கிறோமே, அதேதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிப்ளமோ முடித்ததும் நேரடியாக பி.இ. இரண்டாம் வருஷம் சேர நினைக்கிறோம். ஏதோ ஒரு கல்லூரியில் 'டொனேஷன் எவ்வளவு தருவீங்க?' என்று கேட்டால், அப்பா நிலத்தை அடகு வைக்கப் போகிறார். சீட்டுக்காகக் கொடுப்பது எப்படி நன்கொடை ஆகும்? கொடுக்காவிட்டால் சீட்டு இல்லை என்றால் அது விலை! இந்தக் கட்டாய வசூலைத் தடுக்கத்தான் 1992-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அதே 1992-இல் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கேபிடேஷன் கட்டணம் கூடாது என்றது. சட்டத்துக்குப் பயந்து பெயரை மாற்றினால் செயல் மாறிவிடுமா?

அடுத்தது வேலை. சம்பளச் சீட்டில் 'பி.எஃப். கான்ட்ரிப்யூஷன்' என்று ஒரு வரி இருக்கும். பொதுவாக நம் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். இங்கே இரண்டு வினைச்சொற்களைக் கவனிக்க வேண்டும். சம்பளத்திலிருந்து பிடிப்பது 'டிடக்ட்'. பிடித்ததை நிதியில் செலுத்துவது 'ரெமிட்'. முதலாவது தவறாமல் நடக்கும். இரண்டாவது நடந்ததா என்று நாம்தான் பாஸ்புக்கில் பார்க்க வேண்டும். பிடித்துவிட்டுச் செலுத்தாத கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

அப்ரென்டிஸாகச் சேர்ந்தால் கிடைப்பது சம்பளம் அல்ல, 'ஸ்டைபன்ட்'. 1961-ஆம் வருஷ அப்ரென்டிஸ் சட்டப்படி நாம் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. மெஷினில் நின்று செய்வது அதே வேலைதான். ஆனால் ஒரு சொல் மாறியதால் உரிமையும் மாறிவிடுகிறது. ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன் அந்தச் சொல்லைப் பாருங்கள்.

வெளியாரை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. ஆயுத பூஜைக்கு 'ஆளுக்கு நூறு ரூபாய் கான்ட்ரிப்யூஷன்' என்கிறோம். தராதவன் பெயரை போர்டில் எழுதுகிறோம். அது பங்களிப்பா, வரியா? மெஸ் பில்லுக்கே திண்டாடும் நண்பன் அன்று லீவு போட்டுவிடுகிறான். நம் சங்கமாவது, விருப்பம் உள்ளவர் தரலாம் என்று சொல்லி, வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீதும் கணக்கும் காட்டட்டும்.

தோழர்களே! யாராவது பணம் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். இது கட்டாயமா? பதிலுக்கு என்ன கிடைக்கும்? ரசீது உண்டா? பதில் சொல்லத் தயங்கினால், அவர் வாயில் வந்த இங்கிலீஷ் வார்த்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

சிந்திப்போம்! கேட்போம்! பிறகு கொடுப்போம்!