ஆற்றுக் கமிட்டியில் யார் யார்?

தாமிரவருணியைக் காக்கக் கமிட்டிகள் அமைகின்றன. சம்பளமின்றி, சொந்த வேலையைப் போட்டுவிட்டு வரும் அந்த நண்பர்களை வாழ்த்துகிறோம். ஆனால் அவர்களோடு வேறு யார் உட்காருகிறார்கள்?

2010-ல் மணல் கொள்ளையை எதிர்த்துத் தோழர் நல்லகண்ணு ஹைகோர்ட் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். தாமே நின்று வாதாடினார். டிசம்பரில் ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. தடை உத்தரவைக் கோர்ட் தரலாம். இரவில் லாரி இறங்கும் வழியைக் கரையோர விவசாயத் தொழிலாளிதான் காட்ட வேண்டும். அவருக்குக் கமிட்டியில் இடம் உண்டா?

சாக்கடை விஷயமும் இதுவே. 2024 நவம்பரில் நீதிபதிகளே நெல்லைக்கு நேரில் வந்து பார்த்தார்கள். சாக்கடை எங்கெங்கே ஆற்றில் விழுகிறதென்று துப்புரவுத் தொழிலாளியைக் கேட்டால் அன்றே சொல்லியிருப்பார்! ஸ்ரீவைகுண்டம் வரை அந்த நீர்தான் போகிறது.

படித்துறையில் குப்பை பொறுக்குவது நல்ல காரியம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். சாக்கடைத் திட்டத்துக்கு மாநகராட்சியிடம் கணக்குக் கேட்பது வருஷம் முழுவதும் செய்ய வேண்டிய வேலை. அதற்கு எட்டு அணைக்கட்டுகளின் பாசனத்திலிருந்தும் பிரதிநிதிகள் வரட்டும். தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்கள் பாதிப்பேர் இருக்கட்டும். கமிட்டியின் வரவு செலவையும் படித்துறையிலேயே எல்லோருக்கும் படித்துக் காட்டட்டும்.