கோட்லஸ் சொல்லும் கணக்கு



எஸ்டிமேட்டிங் பாடத்தில் இத்தனை மேசன், இத்தனை மஸ்தூர் என்று எழுதி, ரேட்டைப் பெருக்கி, மொத்தம் போட்டதும் கணக்கு முடிந்தது என்று பேனாவை மூடிவிடுகிறோம். அங்கே கணக்கு முடியவில்லை என்பது என் கருத்து. அதற்கு ரஷ்யாவின் வடக்கே உள்ள கோட்லஸ் என்ற ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

விச்செக்தா ஆறு வட த்வினா ஆற்றில் கலக்கும் இடம் அது. த்வினா அங்கிருந்து வடக்கே ஓடி, ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்தருகே வெண்கடலில் சேர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை கோட்லஸ் சின்ன கிராமம்தான். 1899-இல் பெர்மிலிருந்து வியாத்கா வழியாக ரயில் வந்தது. சைபீரியத் தானியம் ரயிலில் வந்து இறங்கும். படகில் ஏறித் துறைமுகம் போகும். தண்டவாளம் முடிகிற இடத்தில் ஆற்றுவழி ஆரம்பம்! சரக்கு கை மாறும் இடத்தில் ஊர் வளராமல் என்ன செய்யும்? 1917-இல் கோட்லஸ் நகரமாயிற்று.

சுற்றிலும் காடு. வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்க விட்டால் தண்ணீரே சுமந்து வரும். லாரி வேண்டாம், ரோடு வேண்டாம். மர வேலையும் ரயிலும் சேர்ந்து ஊரை வளர்த்தன. 1961-இல் பக்கத்திலுள்ள கொர்யாழ்மாவில் பெரிய காகிதக்கூழ் ஆலையும் ஓடத் தொடங்கியது.

இதுவரை படித்தால் நம்ம பாடப்புத்தகம் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மரத்தை வெட்டியது யார்?

1930-இல் ஸ்டாலின் ஆட்சியில் நிலம் பறிக்கப்பட்ட விவசாயிகள் குடும்பம் குடும்பமாக ரயிலில் கோட்லஸுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கிருந்து காட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஊரை ஒட்டிய மகாரிஹா முகாமில் குளிரிலும் பசியிலும் நோயிலும் செத்தவர்களில் குழந்தைகள் ஏராளம். 1937-இல் கோட்லஸிலிருந்து வர்க்குத்தா நிலக்கரிச் சுரங்கத்துக்கு ரயில் பாதை போட முடிவாயிற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். வடகோடியில் வருஷம் பூராவும் உறைந்தே கிடக்கும் மண். போட்டவர்கள் கைதிகள். 1941 முடிவதற்குள் ரயில் வர்க்குத்தாவைத் தொட்டது.

"அந்தக் கரி போர்க்காலத்தில் நாட்டைக் காப்பாற்றியதே! தியாகம் இல்லாமல் முன்னேற்றம் உண்டா?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். கரி உதவியது உண்மை; மறுக்கவில்லை. ஆனால் தானாகக் கொடுத்தால்தான் அது தியாகம். துப்பாக்கி முனையில் வாங்கினால் அதன் பெயர் வேறு. அந்தப் பாதை பயன்பட்டது என்பதற்காகக் கட்டிய விதமும் சரி என்று ஆகிவிடுமா? அவசரத்தில் போட்ட தற்காலிக மரப்பாலங்களை மாற்றும் வேலை, ரயில் ஓட ஆரம்பித்த பிறகும் தொடர்ந்ததாம்!

நண்பர்களே, நாளைக்கு நாமும் சைட்டில் நிற்கப் போகிறோம். நம்மிடம் கைதிகள் இருக்க மாட்டார்கள், கூலிக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் உண்டா? தலையில் ஹெல்மெட் உண்டா? சனிக்கிழமை கூலி ஒழுங்காகக் கைக்குப் போகிறதா? "அதெல்லாம் கான்ட்ராக்டர் பாடு" என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். மெஷர்மென்ட் புக்கில் கையெழுத்துப் போடும் கைக்கு அந்தப் பொறுப்பும் உண்டு.

அதையும் சேர்த்துப் போடுவோம்; அப்புறம் மொத்தம் எழுதுவோம்!