கொடுவா பண்ணையில் பொரிக்குது... விலாங்கு ஏன் பொரிப்பதில்லை? முட்டுக்காடு முகத்துவாரம் சொல்லும் பதில்!

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்பார்கள். ரெண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கும் ஆட்களுக்கான கிண்டல் இது. ஆனால் நிஜ விலாங்கின் வாழ்க்கையும் ரெண்டு பக்கம்தான். வளர்வது ஆறு, ஏரி, குளத்தில். முட்டையிடுவது ஆழ்கடலில். நடுவில் இருக்கும் வழி அடைபட்டால் ரெண்டும் இல்லை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' மாநாடு, 2025 நவம்பரில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் கூடியது. எல்லா நன்னீர் விலாங்கு இனங்களின் ஏற்றுமதிக்கும் அனுமதிச் சீட்டு கட்டாயம் என்ற முன்மொழிவு அங்கே வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 35, எதிர்ப்பு 100. தீர்மானம் தோற்றது. விலாங்கை விரும்பிச் சாப்பிடும் ஜப்பான், எதிர்ப்பு அணியில் முன்னால் நின்றது.

ஐரோப்பிய விலாங்குக்கு மட்டும் 2009 முதல் இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், குஞ்சுப் பருவத்தில் எந்த இனம் எது என்று கண்ணால் பிரிப்பது கஷ்டம். ஒன்றுக்குத் தடை போட்டால், வியாபாரம் அடுத்த இனத்துக்குத் தாவும்.

நம்ம ஊர் விலாங்கு எது?

தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு இனங்கள். உடம்பில் திட்டுத்திட்டாகப் புள்ளி உள்ளது ஒன்று. ஒரே நிறத்தில் இருப்பது இன்னொன்று. இரண்டையுமே சர்வதேச சிவப்புப் பட்டியல் 'அச்சுறுத்தலை நெருங்கிய நிலை' என்று வகைப்படுத்தியுள்ளது. பார்க்க நீளமாக இருந்தாலும் ஆரல் மீன் வேறு. அது விலாங்குக் குடும்பமே இல்லை.

கடலில் பிறந்து ஆற்றுக்கு வருவது எப்படி?

* முட்டையிலிருந்து வரும் குஞ்சு, மீன் மாதிரியே இருக்காது. கண்ணாடி போன்ற தட்டையான இலை வடிவம். மாதக்கணக்கில் நீரோட்டத்தில் மிதக்கும்.
* கரையை நெருங்கும்போது உருண்டு நீண்ட உருவம் எடுக்கும். அப்போதும் உடம்பு கண்ணாடி மாதிரிதான்.
* முகத்துவாரம் வழியாக உள்ளே நுழைந்து, நிறம் மாறி, பல வருஷம் நன்னீரில் வளரும். தோல் வழியாகவும் சுவாசிப்பதால் ஈரத் தரையில்கூட ஊர்ந்து போகும்.
* வயசு வந்ததும் கண் பெரிதாகும், குடல் சுருங்கும், சாப்பாடு நிற்கும். சேர்த்து வைத்த கொழுப்பை நம்பியே கடலுக்குக் கிளம்பும். முட்டையிட்டதும் இறந்துவிடும்.

சரி, பண்ணையில் பொரிக்கலாமே?

முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. இந்த நிறுவனம் 1997-ல் கொடுவாவையும், 2015-ல் பால்மீனையும் அடைப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்து காட்டியது. கொடுவாவும் முட்டையிட உப்புநீருக்குப் போகும் மீன்தான். ஆனால் அதன் குஞ்சு சில வாரங்களில் மீன் உருவத்துக்கு வந்துவிடும்.

விலாங்கு அப்படியில்லை. ஜப்பான் விஞ்ஞானிகள் 1970-களிலேயே முட்டையைப் பொரிக்க வைத்தும், குஞ்சை வளர்த்து, அதிலிருந்து அடுத்த தலைமுறையை எடுக்க 2010 வரை ஆனது. இலை வடிவக் குஞ்சுக்கு என்ன தீனி போடுவது என்பதே பெரிய தலைவலி. கடைசியில் சுறா முட்டையைக் கரைத்துக் கொடுத்தார்கள். இன்றும் உலகின் விலாங்குப் பண்ணைகள், கடலிலிருந்து வரும் குஞ்சுகளைப் பிடித்து வளர்ப்பதையே பெரும்பாலும் நம்பியிருக்கின்றன. அதாவது பண்ணை மீன் என்றாலும், விதை இயற்கையோடது.

முகத்துவாரம் ஏன் முக்கியம்?

படகு சவாரிக்குப் பேர்போன முட்டுக்காடு கழிமுகத்தில், வறண்ட மாதங்களில் மணல் திட்டு வளர்ந்து வாயை அடைக்கும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வந்தால் மறுபடி உடையும். இறால், மடவை, கொடுவாவுக்கு மட்டுமல்ல, விலாங்குக்கும் இதுதான் வாசல். மணல் அடைப்பு தற்காலிகம், மழை திறந்துவிடும். தடுப்பணையும் ஷட்டரும் அப்படித் திறக்காது.

கோவளம் – திருப்போரூர் இடையே சென்னைக்கான புதிய நீர்த்தேக்கத்தை 2025-26 தமிழக பட்ஜெட் அறிவித்தது. கழிமுகத்துக்கு வரும் நன்னீர் குறையும் என்று மீனவர்கள் எதிர்க்கிறார்கள். சென்னைக்குக் குடிநீர் வேண்டும் என்பதும் நிஜம். ஆனால் ஒன்றுக்காக இன்னொன்றை விடவேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 2009 விதிகளின்படி, அணை, மதகு வைத்திருப்பவர்களை 'விலாங்குப் பாதை' அமைக்கச் சொல்ல அரசு அமைப்புக்கு அதிகாரம் உண்டு. பெரிய தொழில்நுட்பம் எல்லாம் இல்லை: சரிவான பலகை, அதில் பிரஷ் போன்ற நார், மேலே கசியும் தண்ணீர். குஞ்சு ஏறிவிடும். பெரிய விலாங்கு கடலுக்குத் திரும்ப, மழைக்கால இரவுகளில் மதகு கொஞ்சம் திறந்திருந்தால் போதும்.

சமர்கண்டில் தோற்ற தீர்மானம் ஏற்றுமதியை மட்டும்தான் கட்டுப்படுத்தியிருக்கும். மதகில் வழிவிடுவதை எந்த சர்வதேச மாநாடும் செய்யாது. அதை இங்கே வரைபடம் போடும்போதே செய்தால் செலவு குறைவு. கட்டி முடித்தபின் உடைத்துச் செய்வதுதான் அதிகம்.