லீவு முடிந்த மறுநாள் நெஞ்சு அடைப்பது ஏன்?

வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு உடம்பு தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் நியாயம். ஆனால் பஞ்சாலையில், அதிலும் புளோரூமிலும் கார்டிங்கிலும், பல வருஷம் உழைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். லீவு முடிந்து ஷிப்டு ஏறிய அன்றுதான், வேலை தொடங்கிச் சில மணி நேரத்தில், நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருக்கிறது என்பார்கள். வறட்டு இருமல்; மூச்சு இழுக்கச் சிரமம். மறுநாள் சற்றுத் தணியும். வாரக் கடைசியில் மறந்தே போகும். அடுத்த லீவு முடிந்ததும் மறுபடியும் வரும்.

சோம்பேறித்தனம் என்று மாஸ்திரி சொல்கிறார். நேற்றுக் குடித்தது என்று சூபர்வைசர் சொல்கிறார். இரண்டும் அல்ல. இது ஒரு வியாதி. பிஸினோசிஸ் என்பது டாக்டர்கள் வைத்த பெயர். பஞ்சுத் தூசி நோய் என்று நாம் சொல்லலாம். இந்த நோயை விளங்கிக் கொள்ள வேண்டுமானால் சுவாசப்பை எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

நெஞ்சுக் கூட்டுக்குள் இரு பக்கமும் சுவாசப்பைகள் இருக்கின்றன. தாமாக விரியும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் தட்டு கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் மேலே எழுகின்றன, கூடு அகலமாகிறது. கொல்லன் துருத்தியில் காற்று நுழைவதுபோல் காற்று உள்ளே பாய்கிறது. மூச்சுக்குழல் இரண்டாகி, இரண்டு நாலாகி, இருபது தடவைக்கு மேல் கிளை பிரிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு காற்றறைகளில் முடிகிறது. அப்படிப்பட்ட அறைகள் 30 கோடிக்கும் மேல். அவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி வரும். தொழிலாளி குடியிருக்கும் லைன் வீடுகள் மூன்றைச் சேர்த்தாலும் அவ்வளவு இடம் இருக்குமா? அந்தச் சுவர் வழியாகத்தான் பிராணவாயு ரத்தத்தில் சேருகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது.

சும்மா உட்கார்ந்திருப்பவரே ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் வீதம், ஒரு நாளில் சுமார் 10,000 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். பஞ்சுப் பொதியைப் புரட்டுகிறவரும், நெற்கட்டுச் சுமந்து வரப்பில் ஓடுகிறவரும் அதைப்போல் நாலைந்து மடங்கு காற்று இழுத்தாக வேண்டும். ஆகவே ஒரே ஷெட்டில் ஒரே தூசி பறந்தாலும், கணக்கு எழுதுகிறவருக்குள் போகும் தூசி வேறு. உழைக்கிறவருக்குள் போகும் தூசி வேறு. பாடுபடுகிறவருக்கே அதிகப் பங்கு கிடைக்கிற பண்டம் இது ஒன்றுதான் போலும்!

தூசியைத் தடுக்க உடம்பில் காவல் இல்லாமல் இல்லை. மூக்கில் மயிரும் ஈரமும் பெரிய தூசியைப் பிடித்துக் கொள்கின்றன. அதைத் தாண்டினால் குழல்களின் உட்சுவரில் சளிப் படலம் இருக்கிறது. அதன் அடியில் எண்ணற்ற நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்து, ஒட்டிய தூசியைச் சளியோடு சேர்த்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக் கொண்டே இருக்கின்றன. பீடிப் புகை முதலில் கெடுப்பது இந்த மயிர்களைத்தான். ஆனால் மிக நுண்ணிய தூசி இந்தக் காவலையெல்லாம் மீறி உள்ளே போய்விடும். முகத்தில் கட்டும் துண்டு, கண்ணுக்குத் தெரியும் பஞ்சு இழையைத்தான் நிறுத்தும். ஆளைக் கெடுக்கும் தூசி கண்ணுக்கே தெரியாது.

பஞ்சு இழை நெஞ்சில் போய் அடைத்துக் கொள்கிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். வாழைப்பழம் தின்றால் பஞ்சு இறங்கிவிடும், வெல்லம் தின்றால் தூசி கரைந்துவிடும் என்ற நம்பிக்கையும் அதனால் வந்ததுதான். பழமும் வெல்லமும் தின்னக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கொடுத்தால் வாங்கித் தின்னலாம். ஆனால் தின்பது உணவுக்குழல் வழியாக வயிற்றுக்குப் போகிறது. தூசி போவது மூச்சுக்குழல் வழியாக. ஒன்று மற்றதைத் தொடுவதே இல்லை. தூசி உறிஞ்சும் யந்திரத்துக்குப் பதிலாக ஓர் அச்சு வெல்லத்தைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கப் பார்த்தால் அதை ஒப்புக்கொள்ள முடியாது.

உண்மையில் கெடுதல் செய்வது இழை அல்ல. பஞ்சோடு ஒட்டி வரும் காய்ந்த இலைத் தூள், காயின் அடிப் பூவிலைத் துணுக்கு, அவற்றில் வாழும் கிருமிகளின் விஷம் ஆகியவைதான். பொதி உடைக்கும் இடத்திலும் கார்டு யந்திரத்திலும் இவை நொறுங்கிப் பறக்கின்றன. அந்த விஷம் பட்டதும் மூச்சுக்குழல்களின் தசை சுருங்குகிறது, உட்சுவர் வீங்குகிறது, வழி குறுகிவிடுகிறது. ஓய்வுக்குப் பிறகு முதல் நாள் படும் தூசிக்கு இந்தச் சுருக்கம் அதிகம். தொடர்ந்து படப்பட உடம்பு சற்று மரத்துப் போகிறது. இங்கிலாந்தில் ஞாயிறு லீவு. ஆகவே அங்கே இதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்று பெயர் வந்தது. நமது மில்களில் ஆளுக்கொரு நாள் வார லீவு. அதனால் இங்கே ஒருவருக்குப் புதன், ஒருவருக்குச் சனி என்று நோய் சிதறிக் கிடக்கிறது. சேர்த்துப் பார்க்க யாருமில்லை.

முதல் கட்டத்தில் தூசியை விட்டு விலகினால் மூச்சு பழைய நிலைக்குத் திரும்பும். கவனியாமல் விட்டால் முதல் நாளோடு நின்ற இறுக்கம் வாரம் முழுவதும் நீடிக்கும். பிறகு லீவிலும் விடாது. கடைசியில் குறுகிய குழல் குறுகியபடியே நின்றுவிடும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அந்த நிலையில் மருந்து சற்று ஆறுதல் தருமே தவிர, போன மூச்சைத் திருப்பித் தராது. பீடி குடிக்கிறவருக்கு இது சீக்கிரம் முற்றும் என்பது உண்மை. ஆனால் பீடியைத் தொடாதவருக்கும் வருகிறது என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இது புதிதாகக் கண்ட சங்கதி அல்ல. 1700-ம் ஆண்டிலேயே இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற வைத்தியர் தொழிலாளர் வியாதிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சணலும் ஆளிநாரும் சிக்கெடுப்பவர்கள் தூசியால் இருமி அவதிப்படுவதை அதில் குறித்தார். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்காமல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். லங்காஷையர் பஞ்சாலைகளில் 1950-களில் டாக்டர் ஷில்லிங் இந்த நோயைக் கட்டம் கட்டமாக வகுத்துக் காட்டினார். அந்நாட்டில் 1940-லேயே நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது; ஆனால் 20 வருஷம் அதே தூசியில் வேலை செய்திருந்தால்தான் ஈடு என்று தொடக்கத்தில் நிபந்தனை போட்டார்கள்! அமெரிக்காவில் 1978-ல் நூற்பு இலாகாவின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி கூடாது என்று விதி செய்தார்கள். செலவு தாங்காது, தொழில் அழிந்துவிடும் என்று ஆலை முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1981-ல் தோற்றார்கள். பிறகு நடந்ததென்ன? தூசியை இழுக்கப் புது யந்திரங்கள் வந்தன. நோய் வெகுவாகக் குறைந்தது. அவர்கள் பயமுறுத்திய அளவுக்குச் செலவும் ஆகவில்லை.

நமது நாட்டில் அகமதாபாத் ஆலைகளில் சோதித்து 1989-ல் வெளியிட்ட ஆய்வில், புளோரூமில் பத்துப் பேரில் மூவருக்கும், கார்டிங்கில் பத்துப் பேரில் நால்வருக்குச் சற்றுக் குறைவாகவும் இந்த நோய் கண்டது. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் இதன் பெயர் ஏறியிருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொகுப்பிலும் அறிவிக்கவேண்டிய நோயாகவே இருக்கிறது. (அந்தத் தொகுப்பில் இன்ஸ்பெக்டர் வெறும் இன்ஸ்பெக்டர் அல்ல, 'வசதி செய்து கொடுப்பவரும்' ஆவார். யாருக்கு வசதி என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.) நோயைக் கண்ட டாக்டர் அதிகாரிக்கு எழுதியாக வேண்டும். நஷ்டஈடு கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் எழுதுவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டுமே! எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, படம் சுத்தமாக இருக்கிறது, வியாதி இல்லை என்று அனுப்பி விடுகிறார்கள். பஞ்சுத் தூசி நோய் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆஸ்துமா என்று சீட்டு எழுதினால் நோய் தொழிலாளியின் சொந்தச் சொத்தாகிவிடும். பிஸினோசிஸ் என்று எழுதினால்தான் ஆலை பதில் சொல்ல வேண்டி வரும்.

நாட்டிலேயே மிக அதிகமான நூற்பாலைகள் உள்ள ராஜ்யம் தமிழ்நாடு. இன்று அவற்றில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்களும், ஒரிஸ்ஸா, பீகாரிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளரும் ஏராளம். இரண்டு மூன்று வருஷத்தில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். இருமலும் அவர்களோடு ஊருக்குப் போய்விடுகிறது. மில் புத்தகத்தில் ஒரு நோயாளியும் இல்லை!

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இதை ஆலைக்காரர் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைப் பிரிக்கும்போது பறக்கும் தூள் காற்றறை வரை போகிறது. வேலை முடிந்து, நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்து, குளிர் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். இரண்டொரு நாளில் போகும். மழைக் காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். மறுபடி மறுபடி பட்டால் சுவாசப்பை தழும்பேறிக் கெட்டியாகிவிடும். ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையாவது இருக்கிறது, களத்துமேட்டில் அதுவும் இல்லை. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆலையானாலும் வயலானாலும் சளிப் பரிசோதனை செய்து காசநோய் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். அது மருந்தால் குணமாகும் நோய். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இனாம். இல்லை என்று தெரிந்தால், செய்யும் வேலை இன்னது என்று டாக்டரிடம் நாமே சொல்ல வேண்டும். அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆலைகளில் நாம் கேட்பது அதிகமல்ல. பொதி உடைக்கும் இடத்தையும் கார்டு யந்திரங்களையும் மூடி, தூசியை அங்கேயே உறிஞ்ச வேண்டும். காற்றில் எவ்வளவு தூசி என்று அளந்து, இலாகா வாசலில் தமிழிலும், வெளி ராஜ்யத் தொழிலாளர் பாஷையிலும் எழுதி ஒட்ட வேண்டும். கம்ப்ரசர் காற்றை அடித்துப் பஞ்சைப் பறக்கவிட்டுச் சுத்தம் செய்வதை நிறுத்த வேண்டும். நோய் கண்டவரைக் கூலி குறையாமல் தூசியில்லாத இலாகாவுக்கு மாற்ற வேண்டும். இந்தக் கடைசி ஷரத்து இல்லாவிட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்து எவரும் இருமலை வெளியே சொல்லமாட்டார்.

முக்கியமாக, மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவி ஒவ்வொரு ஆலையிலும் வேண்டும். முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை வெளியே விட முடிகிறது என்று அது காட்டும். ஏதோ ஒரு நாளில் அல்ல, அவரவர் லீவு முடிந்து வரும் முதல் நாளில், ஷிப்டுக்கு முன் ஒரு தடவையும் ஷிப்டு முடிந்ததும் ஒரு தடவையும் ஊத வைக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும் ஹாஸ்டல் பெண்களையும் விட்டுவிடக் கூடாது. அந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதித் தொழிலாளியின் கையிலேயே கொடுக்க வேண்டும்.