யானைக்காக ஒரு நாள் கொடுப்பதா?

தேங்காயைக் குரங்கு பறிக்கிறது, மரவள்ளியைப் பன்றி கிண்டுகிறது. இந்த நிலையில் நாம் போய் மிருகங்களுக்குத் தொண்டு செய்வதா? கலகெதரப் பக்கத்து வாசகர்கள் பலர் இப்படித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. சொந்தக் காணியை விட்டு வந்து, கிடைத்த துண்டு நிலத்தில் வைத்த பயிரையும் பறிகொடுப்பவரிடம் வனவிலங்கின் அருமையைப் பேசுவது எளிதல்ல. ஆயினும் பேச விரும்புகிறோம்.

1985 இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீருக்கடியில் போனது. வயலும் வீடும் இழந்த குடும்பங்கள் வெவ்வேறு இடங்களில் குடியேற்றப்பட்டன. அதே மகாவலித் திட்டத்திற்காகக் காடுகள் வெட்டப்பட்டபோது யானைகளும் இடம்பெயர்ந்தன. அவற்றிற்குப் புகலிடமாகவே 1984 இல் வஸ்கமுவ தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்குக் காணியை அளந்து கொடுத்தார்கள். யானைக்கு எல்லையை யார் சொல்லிக் கொடுப்பது? 2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 488 யானைகள் இறந்தன. யானைகளால் 184 மனிதர்கள் இறந்தனர்.

வஸ்கமுவவை அடுத்த கிராமங்களில், 1995 இல் தொடங்கப்பட்ட இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் வேலை செய்து வருகிறது. யானையை அடைத்து வைப்பதை விட்டு, கிராமத்தைச் சுற்றி மின்வேலி போடுவது அவர்கள் வழி. தோட்டத்தைச் சுற்றித் தோடை மரம் நடவும் உதவுகிறார்கள். தோடையை யானை விரும்புவதில்லை. பழத்தை விற்றுக் காசு பார்க்கலாம். அங்கே தொண்டர்கள் காலடித் தடத்தையும் சாணத்தையும் தேடி நடந்து குறிப்பெடுக்கிறார்கள், தானியங்கிக் கமராக்களைப் பார்வையிடுகிறார்கள். வெளிநாட்டார் காசு கட்டி வந்து இதைச் செய்கிறார்கள் என்றால் நம்மவர் சிரிப்பார்கள்!

ஆனால் அவர்கள் காசு கொடுத்துக் கற்பது, நம் விவசாயிக்கு ஏற்கனவே தெரிந்தது. நிவாரண வரிசையில் நம்மிடம் கேட்கப்படுவது பெயரும், அட்டை இலக்கமும், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும்தான். காட்டோரத்தில் கேட்கப்படுவது வேறு. இந்தத் தடம் நேற்றையதா, இன்றையதா? எந்தப் பயிரை முதலில் தொட்டது? எந்தப் பக்கமாக வந்தது? இடம்பெயர்ந்த நாள் முதல் வாங்கும் கையாகவே இருந்தவருக்கு, தன் அறிவை ஒருவர் கேட்டு எழுதிக்கொள்வது சிறிய விடயமல்ல. கூலி தராத வேலையிலிருந்து ஒருவர் நிமிர்ந்து வீடு திரும்பலாம் என்று நாம் நம்புவது இதனால்தான்.

வேறொன்றும் உண்டு. வந்த ஊரை நாம் பெரும்பாலும் அறிவதில்லை; கடை, பாடசாலை, பஸ் தரிப்பிடம், அவ்வளவே. ஓடையும் மரமும் பறவையும் பெயரோடு தெரிந்த பிறகுதான் அயல் என்பது அயலாகிறது. சிங்கள அயலவரோடும் முஸ்லிம் அயலவரோடும் பேச்சைத் தொடங்குவதற்குக் குரங்கைப் போல உதவுவது வேறில்லை. அது எல்லோர் தேங்காயையும் பறிக்கிறது.

இதனால் அடுப்பு எரியாது என்பதையும் சொல்ல வேண்டும். நாட்கூலியை நம்பியிருப்பவரைப் பஸ் கட்டணமும் சாப்பாடும் இல்லாமல் அழைப்பது தொண்டு நிறுவனத்திற்கு அழகல்ல. அப்படி அழைத்தால் மறுப்பதே சரி.

கலகெதரவில் இருந்துகொண்டே தொடங்கவும் வழியுண்டு. 2025 மார்ச் 15 அன்று காலை 8 மணியிலிருந்து 5 நிமிடம், நாடெங்கும் மக்கள் தத்தம் காணியில் நின்று குரங்கு, மயில், மலை அணில் ஆகியவற்றை எண்ணினார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. ஐந்து நிமிடம் போதாது என்பதே எமது எண்ணமும். ஒரு கொப்பியில் எந்த விலங்கு, எத்தனை மணிக்கு, எதைத் தின்றது என்று ஓராண்டு எழுதி வைத்தால், கமநல சேவை நிலையத்தில் வெறுங்கையோடு நின்று முறையிட வேண்டியதில்லை. பங்கு இளைஞர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை இதைச் செய்யலாம். விருப்பமுள்ளவர்கள் பிறகு ஹசலக வழியாக வஸ்கமுவவிற்கும் போய் வரட்டும். பயணச் செலவு யாருடையது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.