பேழையும் முழக்கோலும்

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் 2016-இல் நோவாவின் பேழையை 510 அடி நீளத்துக்குக் கட்டி நிறுத்தி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். ஆதியாகமத்தின் 300 முழத்துக்கு இதுதான் கணக்காம். எதிர்த்தரப்பில் பகுத்தறிவுவாதி, மலைகளை மூட அவ்வளவு தண்ணீர் ஏது என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் இருவர் கையிலும் ஒரே முழக்கோல். இருவருமே கதையை வாசிக்கவில்லை என்கிறேன் நான்.

இரண்டு கதைகளின் பின்னல் இது என்று வேதாகம ஆய்வு நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருகிறது. ஓரிடத்தில் எல்லா உயிரிலும் ஒரு ஜோடி. இன்னோரிடத்தில் சுத்தமான மிருகங்களில் ஏழு ஜோடி. தொகுத்தவன் முரண்பாட்டை மறைக்கவில்லை. 1872-இல் ஜார்ஜ் ஸ்மித், நினிவேயில் கிடைத்த களிமண் பலகையில் இதே வெள்ளத்தைப் படித்தறிந்தார். ஆக, சரக்கு பழையது. அதை வைத்து எபிரேயன் என்ன செய்தான் என்பதல்லவா விமர்சனம் கேட்க வேண்டியது?

6-ஆம் அதிகாரத்தில், மனித இருதயம் பொல்லாதது என்பதால் கடவுள் அழிக்கிறார். 8-ஆம் அதிகாரத்தில், அதையே காரணமாகச் சொல்லி, இனி அழிப்பதில்லை என்கிறார். அத்தனை பிணங்களுக்குப் பிறகும் மனிதன் மாறவில்லை, மாறியது கடவுள். மாறாத பரம்பொருளை வைத்துத் தத்துவம் கட்டியவர்களுக்கு இது தொண்டையில் சிக்கிய முள். விசுவாசியையும் நாத்திகனையும் ஒருசேரக் கலங்கடிக்க வேண்டிய இந்த இடத்தைத் தாண்டிப்போய்த்தான் இருவரும் மரப்பலகையை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

மதம் பற்றிச் சண்டை போட வருகிறவர்கள் முழக்கோலை வாசலில் வைத்துவிட்டு வரட்டும்.