பெல்பாட்டம் சித்தப்பா

பழைய ஆல்பத்தில் தேதி இல்லாத ஒரு போட்டோ. எப்போ எடுத்தது? வேட்டி கட்டியவரைப் பார்த்தால் தெரியாது. வேட்டி எல்லாக் காலத்திலும் உண்டு. பக்கத்தில் பெல்பாட்டம் போட்ட சித்தப்பா நின்றால் போச்சு, 1970கள்!

பாறைக்கும் இதே வைத்தியம்தான். எங்க கீரனூர்ப் பக்கம் கிணறு வெட்டினால் வருவது கருங்கல். பூமிக்கடியில் வெந்து இறுகியது. அதில் சிப்பி ஏது? அரியலூருக்குப் போங்கள் சார். மண்ணுக்குள் ஒரு பழைய கடலே படுத்திருக்கிறது. அதில் சுருண்ட ஓட்டோடு நீந்திய அம்மோனைட்தான் நம்ம பெல்பாட்டம் சித்தப்பா. (சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரமும் இந்த வம்சம்தான்.)

அம்மோனைட்டில் ஒவ்வொரு வகையும் கொஞ்ச காலமே இருந்தது. ஆனால் கடல் கடலாகப் பரவியது. அதனால் ஒரே வகை இங்கேயும் ஐரோப்பாவிலும் கிடைத்தால், இரண்டு பாறைக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. தென்னிந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போன சிப்பிகளை ஒப்பிட்டு, 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 'இது கிரெட்டேஷியஸ் காலம்' என்று எழுதினார். அந்தக் காலம் முடிந்தது 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால். டைனோசரோடு அம்மோனைட்டும் அவுட்!

அந்த அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லைத்தான் சிமெண்டுக்கு அரைக்கிறோம். வீடு கட்ட சிமெண்ட் வேணும், சரி. அரைக்கிறதுக்கு முன்னாடி ஆல்பத்தை ஒருதரம் புரட்டிப் பார்த்துவிடலாமே? சித்தப்பா பவுடராகிவிட்டால், அப்புறம் தேதி சொல்ல யார் இருக்கா?